கதவு அடைக்கும் நாள்

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாளில் மூன்று நினைவுகள் ஒருங்கே கூடின. அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். அன்றே விசயதசமி, கொலுவும் சுண்டலுமாக நம் இல்லங்களில் கழிந்த ஒன்பது இரவுகள் நிறைவெய்தி, இளஞ்சிறார் ஏட்டைத் தொட்ட நாள். யூத சமயத்தாரின் தலையாய நோன்பு நாளும் அதுவேயாயிற்று. நம் வீடுகளில் விருந்து நடந்தது. அவர்கள் வீடுகளிலோ முதல் நாள் அந்தி தொட்டு ஒரு மிடறு நீரும் இல்லை. மும்பை போன்றதொரு நகரில், ஒரே மாடிக் கட்டடத்தில், சுவர் ஒன்றே இடையிட, இவ்விரண்டும் நிகழ்ந்திருத்தல் கூடும்.

இது வியப்பதற்குரியதன்று. யூதர் பஞ்சாங்கமும் நம் நவராத்திரியைப் போலச் சந்திரனைக் கொண்டே நாட் கணக்கிடுகிறது. திஷ்ரி என்னும் மாதத்தின் பத்தாம் நாளில் இந்நோன்பு வருகிறது. அதாவது வளர்பிறையின் பத்தாம் நாளை ஒட்டி. ஆகவே 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் அது விசயதசமியோடு ஒட்டி வந்தது. அதிக மாதம் சேர்க்கும் கணக்கு இருவர்க்கும் வேறாதலால், சில ஆண்டுகளில் ஒரு மாத இடைவெளி விழுதலும் உண்டு.

அயலார் திருநாட்களை அறிந்துகொள்ளும் இப்பகுதியில், இம்மாதம் அந்த நோன்பைப் பற்றிச் சிந்திக்கக் கருதுகிறோம். நம்மிடையே வாழும் யூதர் மிகச் சிலரே. ஆயினும் இந்நோன்பின் நடுவே அமைந்த விதி ஒன்று, பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் குடும்பங்களாகிய நமக்கு மிகவும் வேண்டியது என்பது நம் எண்ணம். அவ்விதியைச் சொல்வதற்கு முன், நோன்பின் இயல்பைச் சற்று விரிவாகக் கூறுதல் நலம்.

எபிரேய மொழியில் இந்நாளுக்கு யோம் கிப்பூர் என்பது பெயர். தமிழ் விவிலியத்தில் பாவநிவிர்த்தி நாள் என்று இது வழங்கப்படுகிறது. மோசேயின் நூல்கள் ஐந்தனுள் ஒன்றாகிய லேவியராகமம் இதன் விதிகளைக் கூறுகிறது. அந்தி சாய்வதற்குச் சற்று முன்னே தொடங்கி, மறுநாள் இரவு விண்மீன்கள் தோன்றும் வரை, ஏறத்தாழ 25 மணி நேரம் நோன்பு நிகழும். அதுகாறும் விலக்கப்பட்டவை ஐந்து: உண்ணலும் பருகலும் ஒன்று, நீராடல் ஒன்று, எண்ணெயும் நறுமணமும் பூசுதல் ஒன்று, தோற்செருப்பு அணிதல் ஒன்று, இல்லற இன்பம் ஒன்று. நம் ஏகாதசி நோன்பில் பாலும் பழமும் கொள்வார் உளர். இரமலான் நோன்பில் பகல் மட்டுமே பட்டினி. இங்கோ இரவும் பகலும் சேர்ந்து பட்டினி, நீரும் விலக்கு. பலர் வெள்ளுடை அணிவர். செல்வரும் வறியரும் அன்று துணிச்செருப்போடு ஒருபடியாகவே ஆலயம் புகுவர்.

பன்னிரண்டு வயது நிரம்பிய பெண்ணுக்கும் பதின்மூன்று வயது நிரம்பிய ஆணுக்கும் இந்நோன்பு கடமையாகும். அதனினும் இளையோரைச் சில மணி நேரம் பசி பொறுக்கச் செய்து, மெல்ல மெல்லப் பழக்குவர்.

எருசலேமில் பெருங்கோயில் இருந்த காலத்தில் இந்நாளின் கோலம் வேறாயிருந்தது. ஆண்டு முழுவதும் எவரும் நுழையாத மகா பரிசுத்த இடத்தில், இவ்வொரு நாள் மட்டும் பிரதான ஆசாரியர் நுழைவார். பொன்னாடை களைந்து வெண்பட்டாடை உடுத்துவார் என்று எண்ணிவிடலாகாது. அணிகலன் ஏதுமற்ற எளிய வெள்ளைச் சணல்நூல் ஆடையே அதற்கு விதி. வெள்ளாட்டுக் கடாக்கள் இரண்டின்மேல் சீட்டுப் போட்டு, ஒன்றைப் பலியிடுவார். மற்றொன்றின் தலைமேல் கைவைத்து மக்களின் குற்றங்களை அறிக்கையிட்டு, அதனைப் பாலைவனத்திற்கு ஓட்டிவிடச் செய்வார். அறிக்கையிடுவதில் ஒரு முறை உண்டு. அவர் முதலில் தம் குற்றத்தையும் தம் வீட்டார் குற்றத்தையும் சொல்லவேண்டும். அடுத்து ஆசாரியர் குலத்தின் குற்றம். அதன் பின்னரே ஊரார் குற்றம். பிறர் பிழையைப் பேச எழுந்தவர் தம் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அதன் கருத்தாகும்.

கி.பி. 70-ஆம் ஆண்டில் உரோமர் அக்கோயிலைத் தகர்த்தனர். பலிபீடம் போயிற்று, ஆசாரியர் பணியும் போயிற்று. நாடிழந்து பல திசைகளிலும் சிதறிய மக்கள், இந்நாளை மட்டும் விட்டுவிடவில்லை. பலி நின்ற இடத்தில் பிரார்த்தனை வந்து நின்றது. கோயிலைச் சார்ந்திருந்த திருநாள் வீட்டையும் மனச்சாட்சியையும் சார்ந்த திருநாளாயிற்று. அதனால்தான், போன இடமெல்லாம் அதனை உடன் கொண்டு செல்ல முடிந்தது.

யூதர் புத்தாண்டாகிய ரோஷ் ஹஷானா திஷ்ரி முதல் நாள் பிறக்கிறது. அன்று தொடங்கி நோன்பு முடிய உள்ள பத்து நாட்களும் மனந்திரும்பும் நாட்கள். கணக்கைப் பார்த்து முடிக்கும் நாட்கள் என்றும் கூறலாம். நோன்புக்கு முந்திய பகலில் நன்றாக உண்ணுதலும் ஒரு கடமையாகவே கருதப்படுகிறது. ஏழைகட்குப் பொருள் கொடுப்பர். பெற்றோர் மக்கள் தலைமேல் கைவைத்து வாழ்த்துவர். அவரவர் மனம் நோகச் செய்தவர்களைத் தேடிச் சென்று பொறுத்தருளக் கேட்பர். பின்னர்க் கதிரவன் மறையுமுன் ஆலயத்தில் கூடுவர்.

கூட்டம் நிறைந்ததும் தோரா என்னும் திருச்சுருளைக் கையில் ஏந்தியோர் இருபுறமும் நிற்க, நடுவே நின்று வழிபாட்டை நடத்துவோர் ஓர் அறிவிப்புச் செய்வார். குற்றம் புரிந்தோருடன் கூடி வழிபட இறைவன் இசைவும் சபையார் இசைவும் உண்டு என்பது அவ்வறிவிப்பின் பொருள். தூயோர் மட்டும் வருக என்று கதவில் எழுதாமல், குற்றவாளிகளும் உள்ளே வரலாம் என்று சொல்லித் தொடங்கும் வழிபாடு இது. அதன்பின் கோல் நித்ரே என்னும் பழைய அறிக்கையை அரமேய மொழியில் மும்முறை ஓதுவர். மனிதன் தன்னைத் தானே கட்டிக்கொண்டு நிறைவேற்ற இயலாமற் போன நேர்த்திகளினின்று விடுதலை வேண்டுவது அது. இதனைக் கொண்டு யூதர் வாக்கு நம்பத்தக்கதன்று என்று அவர்தம் பகைவர் பழி தூற்றியதும் உண்டு. உண்மை அதற்கு மாறானது. இறைவனிடம் தனக்கெனச் செய்துகொண்ட நேர்த்திக்கே அவ்விடுதலை செல்லும். பிறனுக்குக் கொடுத்த வாக்கையும், எழுதிக் கொடுத்த கடனையும் எந்த மந்திரமும் தள்ளுபடி செய்யாது.

இங்கேதான் நாம் முதலில் குறித்த விதிக்கு வருகிறோம். ஏறத்தாழக் கி.பி. 200-ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் நூலில், இந்நாளுக்கென்றே யோமா என்றொரு பகுதி உள்ளது. அதன் முடிவில் பாவங்கள் இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன. மனிதன் இறைவனுக்குச் செய்த பிழை ஒரு வகை. மனிதன் மனிதனுக்குச் செய்த பிழை மற்றொரு வகை. முன்னதை இந்நாள் தீர்க்கும். பின்னதையோ, பிழை செய்தவன் போய்ப் பிழைபட்டவனைத் தேற்றிச் சமாதானம் செய்துகொள்ளும் வரை, இந்நாள் தீர்க்காது. மேலும், இப்போது பாவம் செய்வேன், நோன்பு நாள் வந்து அதைக் கழுவிவிடும் என்று கணக்குப் போடுபவனுக்கும் அந்நாளால் பயனில்லை என்று அந்நூல் கூறுகிறது.

இதன் கடுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். இருபத்தைந்து மணி நேரம் நாவறண்டு, நின்று நின்று கால் கடுத்து, கண்ணீர் சிந்தி வழிபட்ட ஒருவன், தம்பியின் பங்கை மறைத்து வைத்திருப்பானாயின், அந்தப் பங்கின் மட்டில் நோன்பு அவனுக்கு உதவாது. இறைவனே மன்னிக்க விரும்பினாலும், தம்பியின் உரிமையான மன்னிப்பைத் தாம் எடுத்து வழங்குவதில்லை என்பது போன்றதொரு நீதி இது. கடவுளிடம் போகும் வழியில் அண்ணன் வீட்டு வாசலும் தம்பி வீட்டு வாசலும் குறுக்கிடுகின்றன. அவற்றைச் சுற்றிக்கொண்டு போக வேறு பாதை கிடையாது.

மைமோனிடிஸ் என்னும் பேரறிஞர் இவ்விதியை இன்னும் விளக்கினார். ஸ்பெயின் நாட்டின் கொர்தோபாவிற் பிறந்து, எகிப்தில் மருத்துவராய் வாழ்ந்து, 1204-இல் மறைந்தவர் அவர். இளமையிலேயே குடும்பத்தோடு ஊர்விட்டு ஊர் பெயர்ந்து திரிந்தவர். அவர் வகுத்த முறை இது. பிறன் பொருளைக் கவர்ந்தவன் அப்பொருளைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது. அவன் மனத்தையும் ஆற்ற வேண்டும். பொருளின்றிச் சொல்லால் மட்டும் நோகச் செய்திருப்பினும் சென்று தேற்ற வேண்டும். அவன் மன்னிக்க மறுத்தால், அவன் நண்பர் மூவரை அழைத்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். மீண்டும் மறுத்தால் இரண்டாம் முறை, பின்னர் மூன்றாம் முறை. அதன் பிறகும் அவன் இரங்காவிடில், விட்டுவிடலாம். அதன்மேல் குற்றம் மறுத்தவனையே சாரும். ஆனால் மனம் நொந்தவர் தன் ஆசிரியராயின், மூன்று முறை என்ற வரம்பில்லை. ஆயிரம் முறையாயினும் போகவேண்டும்.

பிழைபட்டவன் இறந்துவிட்டால் என் செய்வது? அதற்கும் அவர் விதி கூறுகிறார். பத்துப் பேரை அழைத்துக்கொண்டு அவன் கல்லறைக்குச் சென்று, இன்னாருக்கு இன்ன பிழை செய்தேன் என்று அவர்கள் முன் சொல்ல வேண்டும். அவனுக்குப் பணம் தரவேண்டியிருந்தால் வாரிசுகளிடம் சேர்க்க வேண்டும். இருவர் தனியே முடித்திருக்கக் கூடிய காரியம், காலம் தாழ்ந்ததனால் பத்துப் பேர் அறியச் செய்ய வேண்டியதாகிறது.

மன்னிக்க வேண்டியவனுக்கும் கடமை உண்டு. உள்ளன்போடு கேட்டு வந்தவனிடம் கல்நெஞ்சனாக இருத்தல் தகாது என்று அவரே கூறுகிறார். உண்மையான மனமாற்றத்திற்கு அவர் வைத்த சோதனையும் எளிது: அதே சூழ்நிலை மீண்டும் வாய்த்து, அதே தவற்றைச் செய்ய வலிமையும் இருந்து, செய்யாமல் விலகுபவனே முற்றத் திருந்தியவன். முதுமையால் இயலாமற் போனவன் விலகுவதில் அத்தனை சிறப்பில்லை.

நோன்பு நாளில் மாலை, காலை, நண்பகல், பிற்பகல், முடிவு என ஐந்து வழிபாடுகள் நிகழும். ஒவ்வொன்றிலும் குற்ற அறிக்கை உண்டு. ஔவையார் ஆத்திசூடியில் அகர வரிசைப்படி அறங்களை அடுக்கியது போல, இங்கே எபிரேய எழுத்துக்களின் வரிசைப்படி குற்றங்கள் அடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் கைமடக்கி மார்பில் மெல்லத் தட்டிக்கொள்வர். அதற்கடுத்து நீண்டதோர் அறிக்கையும் உண்டு. அதில் வரும் பிழைகளுட் பல நாவினாற் செய்வன: புறங்கூறல், வீண்பேச்சு, பொய்ச்சத்தியம், கோள். கொலையும் களவும் செய்யாத நல்லோரும் மார்பில் தட்டிக்கொள்ள வேண்டிய இடம் அது.

இவ்வறிக்கை முழுவதும் பன்மையில் அமைந்துள்ளது. நான் செய்தேன் என்று ஒருவரும் சொல்வதில்லை. நாம் செய்தோம் என்றே அனைவரும் சொல்கின்றனர். கடனை மறைத்தவன் பக்கத்தில் நிற்பவன் கடனே வாங்காதவனாக இருக்கலாம். ஆயினும் இருவரும் ஒரே குரலில் ஓதுகின்றனர். இதனால் குற்றமுள்ளவன் கூட்டத்தில் தனித்துக் காட்டப்படுவதில்லை. குற்றமில்லாதவனும், தன் அயலான் அந்நிலைக்கு வரத் தனக்கும் பங்குண்டோ என்று எண்ண இடமாகிறது.

அன்று காலை, ஏசாயா தீர்க்கதரிசியின் நூலிலிருந்து ஒரு பகுதியை வாசிப்பர். பட்டினி கிடந்து தலையைத் தாழ்த்திக்கொள்வதுதான் நோன்பா என்று அத்தீர்க்கதரிசி கேட்கிறார். பசித்தவனுக்குச் சோறிடுதலும், நொறுக்கப்பட்டவனை விடுவித்தலும், தன் சொந்த இரத்தத்தானைக் கண்டு ஒளியாதிருத்தலும் நோன்பு என்கிறார். நோன்பு நோற்றுக் களைத்திருப்போர் செவியில், நோன்பு மட்டும் போதாது என்று அந்த நாளிலேயே ஓதும் துணிவு போற்றத்தக்கது. பிற்பகலில் யோனாவின் கதை. பகைவர் நகராகிய நினிவே மனந்திருந்தியதும் அழியாமற் பிழைத்தது என்பது அதன் முடிபு.

பொழுது சாயும் வேளையில் ஐந்தாம் வழிபாடு தொடங்கும். அதன் பெயர் நெயிலா. அடைத்தல் என்பது பொருள். முற்காலத்தில் கோயிற் கதவுகளை அடைக்கும் நேரம் அது. பின்னர் வானகத்தின் வாயில் அடைபடும் நேரமாக அதனைக் கொண்டனர். உடலில் வலுவற்ற அந்நேரத்தில்தான் சபை முழுவதும் எழுந்து நின்று உரத்த குரலில் ஓதும். இருள் பரந்ததும், ஷோபார் என்னும் ஆட்டுக்கடாக் கொம்பை நீளமாக ஒருமுறை ஊதுவர். நோன்பு முடிந்தது. வீடு சென்று உண்பர். பலர் அன்றிரவே, ஐந்தாம் நாள் வரும் கூடாரத் திருநாளுக்குப் பந்தற்கால் நடும் வேலையைத் தொடங்குவர்.

இத்துணைக் கடுமையான நோன்பு, உயிருக்கு முன் வந்தால் விலகி நிற்கிறது என்பதையும் நம் இல்லத்துப் பெண்மணிகள் அறிதல் வேண்டும். நோயாளிக்கு உணவு தேவை என்று மருத்துவம் அறிந்தவர் சொன்னால் ஊட்ட வேண்டும். மருத்துவர் தேவையில்லை என்று கூறினும், நோயாளி தனக்கு வேண்டும் என்றால் அப்போதும் ஊட்ட வேண்டும். கருவுற்றவள் உணவின் மணம் பட்டு மயங்கினால், தெளியும் வரை கொடுக்க வேண்டும். பிள்ளை பெற்று மூன்று நாள் ஆகாதவள் நோன்பிருக்கலாகாது. இவை சலுகைகள் அல்ல, விதிகள். இவற்றை மீறிப் பட்டினி கிடப்பது பக்தியாகாது.

1848-இல் வில்னா நகரில் காலரா பரவியபோது, அந்நகரின் பெரியவர் இஸ்ரவேல் சாலந்தர் என்பார், நோன்பு நாளில் உண்ணுமாறும், வழிபாட்டைச் சுருக்கிக்கொண்டு காற்றாட வெளியே செல்லுமாறும் மக்களிடம் கூறினார். மக்கள் தயங்கியதைக் கண்டு அவரே ஆலயத்தில் எல்லோரும் காண உண்டார் என்றும் சிலர் கூறுவர். அது எவ்வாறாயினும், வாழ்நாளெல்லாம் ஒழுக்கத்தை வற்புறுத்திய ஒருவர், உயிரைக் காக்கும்பொருட்டு நோன்பை விடச் சொன்னது யூதர் நடுவே நெடுங்காலம் நினைக்கப்பட்டு வருகிறது. விரத நாட்களில் மருந்தையும் தள்ளிவைக்கும் முதியோர் நம் வீடுகளிலும் உளர். அவர்கட்கு இச்செய்தியை எடுத்துச் சொல்லலாம்.

இனி நம் நாட்டு யூதரைப் பற்றி. மும்பையிலும் கொங்கணக் கடற்கரையிலும் வாழ்ந்துவரும் பெனே இஸ்ரவேலர், தம் முன்னோர் கப்பல் உடைந்து அலிபாக்கை அடுத்த நவ்காவ் கரையில் ஒதுங்கியவர்கள் என்றும், பிழைத்தவர் ஏழு ஆடவரும் ஏழு பெண்டிருமே என்றும் கூறுவர். ஊர்களில் எண்ணெய் ஆட்டும் தொழில் செய்து, சனிக்கிழமைகளிற் செக்கை நிறுத்தியதால், சனிவார்த் தேலி, அதாவது சனிக்கிழமை வாணியர் என்று அயலார் அவர்களை அழைத்தனர். நூல்களும் குருமாரும் இன்றி நெடுங்காலம் தனித்து வாழ்ந்தமையால், எபிரேய மொழியையும் பல சடங்குகளையும் அவர்கள் மறந்திருந்தனர். வீட்டில் மராத்தியே பேசினர். ஆயினும் இந்நோன்பு அவர்களிடம் மராத்திப் பெயரோடு நிலைத்திருந்தது. தார்பால்னிச்சா சண் என்பது அப்பெயர். கதவு அடைக்கும் திருநாள் என்பது பொருள். நீராடி, வெள்ளுடை அணிந்து, அந்திக்கு முன்னே வீட்டுக் கதவை அடைத்துவிடுவர். மறுநாள் அந்தி வரை உண்ணாமல், அயலாரோடு கலவாமல், உள்ளேயே இருப்பர்.

அதற்கு மறுநாளும் அவர்களுக்கு ஒரு திருநாளே. ஷிளா சண் என்று பெயர். அன்று கதவைத் திறந்து ஏழைகட்குத் தானம் வழங்கி, உறவினர் நண்பர் வீடுகளுக்குச் செல்வர். கதவை அடைத்தது உலகை வெறுத்து அன்று என்பது அதனால் விளங்குகிறது. அடைத்த கதவைத் திறந்ததும் முதற் காரியம் கொடுத்தல். அடுத்த காரியம் உறவு நாடிப் போதல்.

கும்பினிப் படையில் அலுவலராயிருந்து, மைசூர்ப் போரில் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு மீண்ட சாமுவேல் எசேக்கியேல் திவேகர் என்பவர், 1796-இல் மும்பையில் முதல் ஜெப ஆலயத்தை நிறுவினார். கருணை வாயில் என்னும் பொருள்படும் பெயர் அதற்கு உண்டு. கொச்சி மட்டாஞ்சேரியிற் பரதேசி ஆலயம் 1568-இல் எழுந்தது. புனேயில் செங்கற் கோபுரத்தோடு நிற்கும் லால் தேவல் 1867-ஐச் சார்ந்தது. கல்கத்தாவின் மாகேன் தாவீது ஆலயம் 1884-இல் கட்டப்பெற்றது. அகமதாபாத்தில் 1934-இலும் தில்லியில் 1956-இலும் ஆலயங்கள் தோன்றின. அந்நகரங்களில் வாழும் நம் அன்பர்கள் இவற்றைக் கடந்து சென்றிருப்பார்கள்.

1948-இல் இஸ்ரேல் நாடு அமைந்தபின், இவர்களுட் பெரும்பாலோர் அங்கே குடியேறினர். 1951-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இருபத்தையாயிரத்துக்கு மேலிருந்த இந்திய யூதர் தொகை, 2011-இல் ஐயாயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. யூதரின் பொது வழிபாட்டுக்கு வயது வந்த ஆடவர் பத்துப் பேரேனும் கூட வேண்டும் என்பது பழைய விதி. கொச்சியிலும் கல்கத்தாவிலும் அப்பதின்மர் சேர்வதே அரிதாகிவிட்டது. கல்கத்தாவின் ஜெப ஆலயங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கி, விளக்கித் துடைத்துப் பாதுகாத்து வருவோர் இசுலாமிய அன்பர்கள் என்பது மனத்திற்கு இனிய செய்தியாகும்.

இவற்றையெல்லாம் நாம் எழுதுவது புதுமைச் செய்தி சொல்லும் ஆசையினால் அன்று. ஊரைவிட்டு வந்தோர் வாழ்க்கையில் ஒரு குறை உண்டு. தூரம் பல பிணக்குகளைத் தீர்க்காமலே மூடிவைக்கிறது. ஊரில் இருந்தால், பேச்சு நின்றுபோன பங்காளியைக் குளத்தங்கரையிலோ கோயில் வாயிலிலோ வாரம் ஒரு முறையேனும் காண நேரும். யாராவது பெரியவர் கையைப் பிடித்து இழுத்துவந்து பேச வைத்துவிடுவார். இங்கே அந்த நெருக்கமில்லை. பாகப்பிரிவினையில் ஒரு கிணற்றுப் பங்கு, தங்கைக்குச் செய்யத் தவறிய சீர், கல்யாணப் பத்திரிகையில் விடுபட்ட ஒரு பெயர், பெற்றோரைப் பார்த்துக்கொண்டவர் யார் பணம் அனுப்பியவர் யார் என்ற வழக்கு — இவற்றால் நின்ற பேச்சு, பதினைந்து ஆண்டுகள் நின்றபடியே இருக்கும். மாதந்தோறும் பணம் தவறாமற் போகும். ஒரு சொல் மட்டும் போகாது. நம் பிள்ளைகளோ, ஊரில் தமக்கொரு பெரியப்பா இருப்பதையே அறியாமல் வளர்ந்துவிடுகின்றனர்.

நல்லதற்கு வராவிட்டாலும் கெட்டதற்கு வரவேண்டும் என்று நம்மவர் கூறுவர். அதனால் எத்தனை பகையிருந்தாலும் இழவு வீட்டிற்குப் போய்விடுகிறோம், வாய்க்கரிசியும் இடுகிறோம். அது நல்ல வழக்கமே. ஆனால் நாம் போய்ச் சேரும்போது, நம்மைக் கண்டு மகிழ வேண்டியவர் கண்மூடிப் படுத்திருக்கிறார். மைமோனிடிஸ் கல்லறைக்குப் போகச் சொன்னது வேறு வழியில்லாதவனுக்கு. உயிரோடிருப்பவர் வாசலுக்குப் போகக் கூடியவன் அதுவரை காத்திருக்கலாகாது என்பதே அவ்விதியின் உட்கருத்து.

சமண அன்பர்களிடையே வாழும் நம்மவர், பரியூஷண நோன்பின் முடிவில் அவர்கள் ஒருவரையொருவர் கண்டு, மிச்சாமி துக்கடம் என்று சொல்லிப் பொறுத்தருளக் கேட்பதைப் பார்த்திருப்பார்கள். அதுவும் ஏறத்தாழ இதே பருவத்தில் வருவது. சமயம் வேறு, நாடு வேறு, தெய்வக் கொள்கையே வேறு. ஆயினும் நோன்பு முற்றுப்பெற மனிதன் மனிதனிடம் போகவேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். பொறையுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் வழிவந்தோர்க்கு இது புதிய பாடமன்று.

இக்காலத்தில் ஓர் எளிய வழி தோன்றியிருக்கிறது. தெரிந்தோ தெரியாமலோ பிழை செய்திருந்தால் மன்னிக்கவும் என்று கைபேசியில் ஒரு வரி எழுதி, இருநூறு பேருக்கும் ஒருசேர அனுப்பிவிடலாம். மன்னிப்பு வேண்டாதவர் நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேரும் வாழ்த்துச் சொல்லி மறுமொழி எழுதுவர். மன்னிக்க வேண்டிய இருவர் அதைப் படித்துவிட்டு வாளா இருப்பர். கேட்க வேண்டியவரிடம், கேட்க வேண்டிய பிழையைச் சொல்லிக் கேட்பதே கேட்டதாகும்.

விசயதசமியோடு இந்நோன்பு ஒட்டி வரும் ஆண்டுகளில், யூதரின் அந்தப் பத்து நாட்கள் நம் மகாளய அமாவாசையை அடுத்தே தொடங்குகின்றன. அன்று நாம் இறந்தோரை நினைத்து எள்ளும் நீரும் இறைக்கிறோம். தந்தைக்கும் பாட்டனுக்கும் அக்கடன் செலுத்தி எழுந்ததும், அதே தந்தைக்குப் பிறந்து உயிரோடிருப்பவர்களை எண்ணிப் பார்க்கலாம். நவராத்திரி அழைப்பு எழுதும் கையால் ஊருக்கும் ஒரு கடிதம் எழுதலாம். கடிதம் எழுதும் பழக்கம் விட்டுப்போயிருந்தால், தொலைபேசியிற் கூப்பிட்டு, அண்ணா, சௌக்கியமா என்ற அளவிலேனும் தொடங்கலாம். அவர் முதல் முறை பேசாமற் போனால், மூன்று முறை வரை போக வேண்டும் என்பது விதி. அவரே நமக்கு எழுத்தறிவித்த மூத்தவராயின், எண்ணிக்கையே இல்லை.

வானகத்தின் கதவு எப்போது அடைபடும் என்பதை அவரவர் சமயம் கூறும். ஊரில் உள்ள அந்த வீட்டுக் கதவு இன்னும் திறந்திருக்கிறது. அன்பர்கள் சிந்திப்பார்களாக.